மலைப் பாதையும் குடும்ப வண்டியும்

கொழும்பிலிருந்து கண்டி நோக்கி வரும் பெருவழி, மாவனல்லையைக் கடந்தபின் கடுகண்ணாவைக் கணவாயில் ஏறத் தொடங்குகிறது. 1820களில், ஆளுநர் சேர் எட்வேட் பான்ஸ் காலத்தில், கப்டன் டோசன் என்னும் பொறியியலாளரின் மேற்பார்வையில் வெட்டப்பட்ட வழி அது. பாறையைக் குடைந்து அமைத்த வாயிலும், டோசனின் நினைவாக எழுப்பிய கோபுரமும் இன்றும் பயணிகளின் கண்ணுக்குத் தென்படுகின்றன. மாட்டு வண்டியையும் குதிரை வண்டியையும் எண்ணி வகுத்த அந்த வழியை ஒட்டியே இக்காலத்துக் குடும்பங்களின் சிறிய மோட்டார் வண்டிகளும் ஏறி இறங்குகின்றன. வழி பழையது, ஏற்றமும் இறக்கமும் பழையவை, அவற்றில் ஓடும் வண்டிகளே மாறியுள்ளன.

கண்டி நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நகரை விட்டு எத்திசையிற் புறப்பட்டாலும் மேடும் பள்ளமும் எதிர்ப்படும். ஹந்தானைச் சரிவிலே தேயிலைத் தோட்டங்களுக்கூடாக ஏற வேண்டும். கலஹா, தெல்தோட்டை வழிகளிலே வளைந்து வளைந்து செல்ல வேண்டும். மகியங்கனைக்குப் போகும் வழி 'பதினெட்டு வளைவு' என்றே பெயர் பெற்றுவிட்டது. சமநிலத்தில் ஓடும் வண்டியும் மலைநாட்டில் ஓடும் வண்டியும் ஒரே தொழிற்சாலையிற் பிறந்த இரட்டைப் பிள்ளைகளாயினும், அவற்றுக்கு வரும் நோய்கள் வேறு. ஆகவே மருந்தும் வேறாகும்.

இலங்கையிலே மோட்டார் வண்டியைப் பேணுதல் பொழுதுபோக்கு அன்று. குடும்பச் சிக்கனத்தின் ஒரு பகுதியாகவே அது வளர்ந்தது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வண்டி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. இருந்த வண்டியை ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லாத காலம் அது. 1948இல் இங்கிலாந்திலே வெளிவந்து, 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன மொறிஸ் மைனர் என்னும் சிறு வண்டி, இன்றும் இலங்கை வீதிகளிற் காணப்படுவதற்கு அதுவே காரணம். அண்மைக் காலத்திலும் அந்நிலை மீண்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுக் காலத்தில் பழைய வண்டியின் விலை ஏறியது. அதைப் பேணத் தெரிந்த கைகளின் மதிப்பும் ஏறியது.

மலைநாட்டு வண்டியிற் முதலிற் கவனிக்க வேண்டியது யாது? பலர் எஞ்சினின் வலுவைச் சொல்வர். அது சரியன்று. ஏற முடியாத வண்டி வழியில் நின்றுவிடும். அதனால் வருவது காலதாமதம் மாத்திரமே. நிற்க முடியாத வண்டியால் வருவது உயிரிழப்பு. ஆகவே பிறேக்கே முதலிடம் பெற வேண்டும்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பாடசாலை விடுமுறைக்கு அங்கே சென்ற ஒரு குடும்பம், இறம்பொடை, கம்பளை வழியாகக் கண்டிக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளலாம். தாய், தந்தை, பாட்டி, பிள்ளைகள் இருவர், மூட்டை முடிச்சுகள் யாவும் சேர்த்து வண்டியின் நிறை 1,000 கிலோகிராம் எனக் கொண்டால், ஏறக்குறைய 1,350 மீற்றர் இறங்கும் அவ்வண்டி விடுவிக்கும் ஆற்றல், நாற்பது லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அவ்வாற்றலில் ஒரு பகுதியைக் காற்றும் உராய்வும் ஏற்கும். எஞ்சியதை எஞ்சின் ஏற்க வேண்டும். அல்லது பிறேக்கு ஏற்க வேண்டும். சாரதி பிறேக்கின் மேல் வைத்த காலை எடாமலே இறங்கினால், அத்தனை வெப்பமும் நான்கு சில்லுகளினுள்ளே தேங்கும்.

அப்பொழுது இரு தீங்குகள் நேரலாம். ஒன்று, பிறேக்குப் பட்டைகள் மிகச் சூடேறிப் பிடிப்பை இழத்தல். மற்றையது, பிறேக்கு எண்ணெய் கொதித்து ஆவியாதல். திரவத்தை அமுக்கினால் அழுத்தம் சில்லு வரைக்கும் செல்லும். ஆவியை அமுக்கினால் ஆவி சுருங்குமேயன்றி அழுத்தம் செல்லாது. மிதிகட்டை தரையைத் தொடும், வண்டி நில்லாது. பொதுவாகப் பயன்படும் பிறேக்கு எண்ணெய், காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. 'டொட் 3' எனப்படும் வகையின் கொதிநிலை, புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாதிருக்க வேண்டும் என்பது நியமம். ஈரம் ஏறிய பின்னரோ அது 140 பாகையளவுக்குத் தாழ்ந்துவிடலாம். 'டொட் 4' வகைக்கு அவ்வளவுகள் முறையே 230, 155 ஆகும். பார்வைக்கு எண்ணெய் தெளிவாகவே இருக்கும்; அளவும் குறைந்திராது. ஆயினும் அதன் வலிமை போயிருக்கும். மழை மிகுந்த கண்டிப் பிரதேசத்திலே இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை முற்றாக மாற்றுதல் வீண் செலவன்று.

ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ, இறங்குவதற்கும் அந்தக் கியரே வேண்டும் என்பது பழைய சாரதிகளின் விதி. தாழ்ந்த கியரிலே எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிறேக்கை விட்டுவிட்டு மிதித்தாற் போதும். சிலர் பெற்றோலை மிச்சப்படுத்த எண்ணி, இறக்கத்திலே கியரை நீக்கி வண்டியை உருளவிடுவதுண்டு. எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டிலே இவ்வெண்ணம் எழுந்திருந்தால் வியப்பில்லை. ஆனால் அது பொய்க் கணக்கு. எரிபொருளை உட்செலுத்தும் இக்கால எஞ்சின், கியரில் இறங்கும்போது முடுக்கியிலிருந்து காலை எடுத்தால் பெற்றோலைத் தானே நிறுத்திக்கொள்ளும். கியரை நீக்கினாலோ எஞ்சின் சும்மா ஓடுவதற்கு எண்ணெய் வேண்டும். மிச்சம் ஒன்றும் இல்லை. ஆபத்து மட்டும் மிஞ்சும். எஞ்சினையே நிறுத்திவிட்டு உருளவிடுவது அதனினும் கொடியது. அதனால் பிறேக்குக்கும் சுக்கானுக்கும் கிடைக்கும் துணை வலு அற்றுப்போகும்.

பிறேக்கு, கெடுமுன்பே குறிகாட்டும். மிதிகட்டை பஞ்சுபோல அமுங்கினால் குழாயினுள் காற்றோ ஆவியோ புகுந்திருக்கிறது. மிதித்தபடியே வைத்திருக்க அது மெதுவாகத் தாழ்ந்தால் எண்ணெய் எங்கோ கசிகிறது, அல்லது தலைமை உருளையின் இறப்பர் வளையம் தேய்ந்துவிட்டது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஒரு சில்லின் பிறேக்கு இறுகியோ எண்ணெய் பட்டோ இருக்கிறது. கிறீச்சிடும் ஒலி பட்டை தேய்ந்ததைச் சொல்லும். இறக்கத்தின் நடுவே மிதிகட்டை தாழ்ந்தே போனால், கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, மிதிகட்டையை விரைந்து பலமுறை அமுக்கி, கைப்பிறேக்கைப் படிப்படியாக இழுத்து, இயலாதவிடத்து மலைச் சுவரின் பக்கமாக வண்டியை உராயவிட வேண்டும். வண்டியின் பக்கம் நசுங்கினாற் திருத்திக்கொள்ளலாம்.

ஏற்றத்தின் நோய் வெப்பமாகும். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலே கொதிக்கும். கண்டியிலே 98 பாகைக்குச் சற்று மேலும், நுவரெலியாவிலே 94 பாகையளவிலும் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் கொதித்துவிடும். றேடியேற்றரின் மூடி வெறும் மூடியன்று; உள்ளே அமுக்கத்தைக் காத்துக் கொதிநிலையை உயர்த்தும் கருவி அது. அதன் இறப்பர் தளர்ந்தால் நல்ல எஞ்சினும் மலையிலே கொதிக்கும். மெதுவாக ஏறும்போது மாத்திரம் சூடேறி, சமநிலத்தில் ஓடுகையிற் தணிந்தால், விசிறியிலும் அதன் பட்டியிலும் குறை காண வேண்டும். வேகமாக ஓடுகையிலும் சூடேறினால், றேடியேற்றர் அடைத்திருக்கலாம். தண்ணீர்ப் பம்பி தேய்ந்திருக்கலாம். தண்ணீர் குறைந்துகொண்டே போக, வெளியிற் கசிவு காணப்படாமல், புகை வெண்மையாகவும் எஞ்சின் எண்ணெய் பாலாடை நிறத்திலும் தோன்றினால், தலைக் கஸ்கெட் பழுதுற்றது எனலாம். அந்நிலையில் ஒரு மைல்கூட ஓட்டலாகாது.

தேர்மோஸ்ராற் என்னும் சிறு கருவியைக் கழற்றிவிட்டால் எஞ்சின் குளிர்ந்திருக்கும் என்று நம்புவோர் இன்னும் உளர். அது கழன்றால், எஞ்சின் உரிய சூட்டை அடையாமலே ஓடும். பெற்றோல் கூடுதலாக எரியும். உருளைகள் விரைந்து தேயும். நோயின் காரணத்தை விட்டுவிட்டு நோயாளியின் வெப்பமானியை உடைப்பது போன்றது அச்செயல். கொதித்த வண்டியின் மூடியை உடனே திறப்பதும், காய்ந்த எஞ்சினிற் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் வேண்டா. முன்னது முகத்தைச் சுடும். பின்னது உலோகத்தை வெடிக்கச் செய்யும். அரை மணி நேரம் பொறுத்தல் எல்லாவற்றினும் மலிவான மருந்து.

கண்டிக்கு இரு பருவக்காற்றுகளும் மழை தருகின்றன. ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரையான மாதங்களில் மழை மிகுதி. நனைந்த வளைவிலே வண்டியைப் பிடித்து வைத்திருப்பது ரயரின் வரிப்பள்ளமேயாகும். பல நாடுகளின் சட்டம் 1.6 மில்லிமீற்றர் ஆழத்தைக் கடைசி எல்லையாக வைத்திருக்கிறது. மலைநாட்டார் அவ்வெல்லை வரை காத்திருப்பது நன்றன்று. ரயரின் வயதையும் பார்க்க வேண்டும். அதன் பக்கச் சுவரிற் பொறித்த நான்கு இலக்கங்களில், முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்திற் செய்யப்பட்டது. பள்ளம் ஆழமாயிருந்தும் பக்கங்களில் வெடிப்புக் கண்ட ரயர், முதிர்ந்த ரயரே.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையால் மகாவலி பெருகிக் கம்பளைப் பகுதியில் வெள்ளம் புகுந்தது. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை, நீர் வடிந்தவுடன் இயக்கிப் பார்க்கும் ஆவல் எவருக்கும் எழும். அவ்வாவலை அடக்க வேண்டும். உருளைக்குள் நீர் இருந்தால், நீர் சுருங்காது. இணைப்புத் தண்டு வளைந்துவிடும். முதலிற் பற்றறியைக் கழற்றுதல், பின் எண்ணெய்களை மாற்றுதல், தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி நீரை வெளியேற்றுதல் என்பதே வரிசை. மின்கலமும் பெற்றோலும் சேர்ந்த கலப்பு வண்டியாயின், அதன் உயர் மின்னழுத்தப் பகுதியைப் பயிற்சி பெற்றவரன்றி வேறெவரும் தொடலாகாது.

அக்கலப்பு வண்டிகள் கண்டி வீதிகளில் இன்று நிறையவே ஓடுகின்றன. இறக்கத்திலே அவை மின்கலத்தை நிரப்பிக்கொள்ளும். ஆயினும் மின்கலம் நிரம்பியபின் அவ்வுதவி நின்றுவிடும். நெடிய இறக்கத்திற்கென்றே பல வண்டிகளில் 'பி' என்னும் நிலை வைக்கப்பட்டுள்ளது; அது எஞ்சினைக்கொண்டு வண்டியைப் பிடிக்கும். பல வண்டிகளிற் பின் இருக்கையின் அருகே மின்கலத்திற்குக் காற்று இழுக்கும் துளை உண்டு. அதனை மூட்டைகளால் அடைப்பதும், அதன் வடிகட்டியைத் துடையாது விடுவதும் விலையுயர்ந்த மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும்.

இனி, வண்டியை மேம்படுத்தும் ஆசையைப் பற்றிச் சில சொற்கள். பழைய மொறிஸ் மைனரை வைத்திருப்போர் முன் சில்லுகளின் பறை பிறேக்கை நீக்கித் தட்டுப் பிறேக்கைப் பொருத்துவதும், டைனமோவுக்குப் பதிலாக ஆல்ரனேற்றரை அமைப்பதும் நல்ல மாற்றங்கள். முன்னது நிற்கும் வலுவைக் கூட்டும். பின்னது மழை இரவிலே விளக்கும் கண்ணாடித் துடைப்பானும் ஒருங்கே இயங்கப் போதிய மின்சாரம் தரும். ஆனால் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும் விளக்கும், பக்கங்களில் உராயும் அகன்ற ரயரும், அழகுக்காகத் தாழ்த்திய வில்லும் மேம்பாடு ஆகா. ஓடும் வலுவைக் கூட்ட எண்ணுபவர், நிற்கும் வலுவை அதற்கு முன் கூட்டியிருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பெரும் பொருள் வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒருநாள், எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையிலே, எண்ணெய், தண்ணீர், பிறேக்கு எண்ணெய், ரயரின் காற்று, விளக்குகள் என்னும் ஐந்தையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். செய்த திருத்தங்களைத் திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், கராச்சுக்குப் போகும்போது மெக்கானிக்கின் வேலை பாதியாகும். குடும்பத்தின் செலவும் குறையும். அவ்வெழுத்து வேலையை வீட்டுப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். நெடிய இறக்கத்திலே பின் இருக்கையிற் தூங்கிவரும் பிள்ளைகள், முன்னாலிருப்பவரின் காலையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிண்ணம் எண்ணெயையும் நம்பியே தூங்குகின்றனர். அந்த நம்பிக்கை பழுதுபடாது காப்பதே வண்டிப் பராமரிப்பின் பயன்.