கால் சதவீதம்தானே ஏறியிருக்கு? கிரெடிட் கார்டு வட்டி ஏறும்போது கைல இருக்கிற ஒரு மாசம்

நம்ம லிஸனர் ஒருத்தங்க வாய்ஸ் நோட் ஒண்ணு அனுப்பியிருந்தாங்க. அவங்க கார்டு கம்பெனிலேருந்து ஒரு ஈமெயில் வந்திருக்கு. ரிவார்ட் பாயின்ட் மாற்றம், ஏர்போர்ட் லவுஞ்ச் விதி மாற்றம்னு நீளமா போகுது. அதுக்கெல்லாம் கீழே ஒரே ஒரு வரி: "ஃபைனான்ஸ் சார்ஜஸ் மாதம் 3.5 சதவீதத்திலிருந்து 3.75 சதவீதமாக மாற்றப்படுகிறது."

அவங்க கேட்டது இதுதான்: "அண்ணா, கால் சதவீதம்தானே? இதுக்கெல்லாம் டென்ஷன் ஆகணுமா? கார்டுல 60,000 பாக்கி இருக்கு, மாசம் 3,000 கட்டிட்டு வர்றேன்."

மாசாமாசம் முழு பில்லையும் கட்டிடுறவங்களுக்கு என் பதில் ரொம்பச் சின்னது. உங்களுக்கு வட்டியே கிடையாது, ஏறினாலும் இறங்கினாலும் ஒண்ணுதான். ஆனா பாக்கி வச்சிருக்கிறவங்களுக்கு, இந்த லிஸனர் நிலைமைல இருக்கிறவங்களுக்கு, அந்த ஒரு வரியோட விலை சுமார் 20,000 ரூபாய். எப்படின்னு கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்.

கால் சதவீதத்தோட கணக்கு

நம்ம ஊர்ல வட்டியை எப்படிச் சொல்லுவாங்க? ரெண்டு வட்டி, மூணு வட்டி. நூறு ரூபாய்க்கு மாசம் ரெண்டு ரூபாய், மூணு ரூபாய்னு அர்த்தம். "அவர்கிட்ட மூணு வட்டிக்கு வாங்கியிருக்கான்"னு யாராவது சொன்னா வீட்டுல பெரியவங்க முகம் மாறிடும். கார்டு வட்டியை அதே பாஷைல சொல்லுங்க. மூணரை வட்டியா இருந்தது இப்போ மூணே முக்கால் வட்டி. வருஷத்துக்கு 45 சதவீதம். கார்டு வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டியும் உண்டு. அதையும் சேர்த்தா மாசம் 4.4 சதவீதத்தைத் தாண்டிடும். கிட்டத்தட்ட நாலரை வட்டி.

இப்போ 60,000 பாக்கிக்கு வருவோம். கார்டுல புதுசா எதுவும் வாங்கலைன்னு வச்சுக்கலாம். 3.5 சதவீதத்துல முதல் மாச வட்டி 2,100. ஜிஎஸ்டி 378. மொத்தம் 2,478. நீங்க கட்டுற 3,000த்துல 522 ரூபாய்தான் அசலுக்குப் போகுது. 3.75 சதவீதத்துல வட்டி 2,250, ஜிஎஸ்டி 405, மொத்தம் 2,655. அசலுக்குப் போறது வெறும் 345.

மேலோட்டமா பார்த்தா மாசம் 177 ரூபாய்தான் வித்தியாசம். ஆனா கடனைக் குறைக்கிற பணத்துல மூணுல ஒரு பங்கு காணாம போயிடுச்சு. இதை ஒரு ஷீட்ல போட்டு கடைசி வரைக்கும் ஓட்டினேன். பழைய வட்டில 44வது மாசம் கடன் முடியுது, மொத்தம் கட்டுறது சுமார் 1.30 லட்சம். புது வட்டில 50 மாசம், சுமார் 1.50 லட்சம். 60,000 ரூபாய் கடனுக்கு நாலு வருஷத்துக்கும் மேல, ஒன்றரை லட்சம்.

இன்னொரு கணக்கும் போட்டேன். வட்டி அதே 3.75தான், மாசத் தொகையை மட்டும் 5,000 ஆக்கினேன். 18 மாசத்துல முடிஞ்சுடுது, மொத்தம் 87,500 பக்கம். மாசம் 2,000 கூடக் கட்டினா, முடிவுல 60,000க்கு மேல மிச்சம். வட்டியும் ஜிஎஸ்டியும் போக மிச்சம்தான் அசலைத் தொடும். அதனால நீங்க கூடுதலா கட்டுற ஒவ்வொரு ரூபாயும் நேரா அசல்லதான் கழியும்.

ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைச்சா, இது ஏன் குறையல?

இதுவும் நிறைய பேர் கேக்குறது. 2025 பிப்ரவரிலேருந்து ஜூனுக்குள்ள ரெப்போ ரேட் 6.5லேருந்து 5.5க்கு இறங்குச்சு. ஹோம் லோன் வச்சிருக்கிற நண்பர்கள் இஎம்ஐ குறைஞ்சதுன்னு சந்தோஷப்பட்டாங்க. 2019 அக்டோபர்லேருந்து பேங்க் தர்ற புது ஃப்ளோட்டிங் ஹோம் லோன் எல்லாம் ரெப்போ மாதிரி வெளி அளவுகோலோட கட்டப்பட்டிருக்கு. கார்டு வட்டிக்கு அப்படி ஒரு கயிறு இல்லை. அதை அந்தந்த நிறுவனமே முடிவு பண்ணும்.

ஏத்துறதுக்கு அவங்க பக்கம் ஒரு காரணமும் இருக்கு. 2023 நவம்பர்ல ரிசர்வ் வங்கி, பேங்குகளோட கிரெடிட் கார்டு கடனுக்கு ரிஸ்க் வெயிட்டை 125லேருந்து 150 சதவீதமா உயர்த்துச்சு. 9 சதவீத மூலதன விதிப்படி பார்த்தா, 100 ரூபாய் கார்டு கடனுக்கு 11.25 ரூபாய் சொந்த மூலதனம் வச்சிருந்த இடத்துல இப்போ 13.50 வைக்கணும். அந்தப் பாரத்தோட ஒரு பகுதி நம்ம தலைலயும் இறங்கும். 2024 நவம்பர்ல எஸ்பிஐ கார்டும், டிசம்பர்ல ஆக்சிஸ் பேங்க்கும் 3.75க்குப் போனாங்க.

உச்சவரம்பு ஏதாவது இருக்கா? 2008ல தேசிய நுகர்வோர் ஆணையம், வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல கார்டு வட்டி வாங்குறது நியாயமற்ற வணிக முறைன்னு உத்தரவு போட்டுச்சு. பேங்குகள் உச்ச நீதிமன்றம் போனாங்க. 2024 டிசம்பர் 20 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து பண்ணிடுச்சு. அதனால "இவ்வளவு வாங்கக்கூடாது"ன்னு வாதாடுறதுக்கு இப்போ நம்ம கைல ஒரு எண் இல்லை. நம்ம கைல இருக்கிறது நேரம்.

அந்த ஒரு மாசம்

ரிசர்வ் வங்கியோட கிரெடிட் கார்டு விதிகள் சொல்றது இது: கட்டணங்களை மாத்துறதா இருந்தா குறைஞ்சது ஒரு மாசம் முன்னாடி தெரிவிக்கணும், பின்தேதியிட்டு மாத்தக்கூடாது. மாற்றம் பிடிக்கலைன்னா, க்ளோஷர் கட்டணம் எதுவும் இல்லாம கார்டை சரண்டர் பண்ணலாம். க்ளோஸ் பண்ணச் சொல்லி 7 வேலை நாளுக்குள்ள பண்ணலைன்னா, தாமதமாகுற ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தரணும்.

கேக்க நல்லா இருக்கு இல்லையா? ஆனா அதுல ஒரு நிபந்தனை இருக்கு. பாக்கி முழுசும் கட்டியிருக்கணும். வட்டி ஏறினா யாருக்கு வலிக்கும்? பாக்கி கட்ட முடியாதவங்களுக்கு. அவங்களால கார்டை மூட முடியாது. பாக்கி இல்லாதவங்க மூடலாம், ஆனா அவங்களுக்கு வலியே இல்லை. அதனால பாக்கி வச்சிருக்கிறவங்க இந்த ஒரு மாசத்தை கார்டை மூடுற கோபத்துல செலவு பண்ணாதீங்க. கடனை அந்த கார்டுலேருந்து வெளியே எடுக்குறதுக்குப் பயன்படுத்துங்க.

முதல் வேலை, அந்த கார்டைத் தேய்க்குறதை நிறுத்துங்க. பழைய பாக்கி இருக்கும்போது புதுசா வாங்குறதுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. இன்னிக்கு 300 ரூபாய்க்கு பிரியாணி ஆர்டர் பண்ணா இன்னிக்கே வட்டி ஓட ஆரம்பிச்சுடும். ஓடிடி, ஜிம், மொபைல் பில்லுன்னு ஆட்டோ டெபிட் இருந்தா பேங்க் அக்கவுன்டுக்கு மாத்திடுங்க.

ரெண்டாவது, கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி பாக்கித் தொகையை இஎம்ஐயா மாத்த முடியுமான்னு கேளுங்க. நாலு விஷயம் கேட்டு எழுதி வச்சுக்கணும்: வருஷ வட்டி எவ்வளவு, பிராசஸிங் ஃபீ எவ்வளவு, வட்டி மேல ஜிஎஸ்டி சேர்த்து மாசம் எவ்வளவு, முன்கூட்டியே முடிச்சா கட்டணம் எவ்வளவு. வட்டி விகிதத்தைக் குறைக்க முடியுமான்னும் கேளுங்க. எல்லா கஸ்டமருக்கும் ஒரே வட்டி கிடையாது. கேக்குறதுக்குக் காசு இல்லை.

மூணாவது, அதே நாள்ல சம்பள அக்கவுன்ட் இருக்கிற பேங்க்ல பர்சனல் லோன் வட்டி கேளுங்க. உதாரணத்துக்கு 16 சதவீதம் சொல்றாங்கன்னு வைங்க. 60,000க்கு 24 மாசம் போட்டா இஎம்ஐ சுமார் 2,940. நம்ம லிஸனர் இப்பவே கட்டுற 3,000த்துக்குள்ள அடங்கிடுது. மொத்தம் சுமார் 70,500, பிராசஸிங் ஃபீ தனி. பர்சனல் லோன் வட்டி மேல ஜிஎஸ்டியும் கிடையாது. அதே மாசச் செலவு. 50 மாசம் 24 ஆகுது, ஒன்றரை லட்சம் எழுபதாயிரம் சொச்சம் ஆகுது.

நாலாவது வழி நகைக்கடன். பேங்க்ல பொதுவா வருஷத்துக்கு 9, 10 சதவீதம் பக்கம் இருக்கும். வட்டிக் கணக்குல சொன்னா ஒரு வட்டிக்கும் கீழே. ஆனா கட்டத் தவறினா நகை ஏலத்துக்குப் போயிடும். அது பெரும்பாலும் அம்மா நகையாத்தான் இருக்கும். அதனால வீட்டுல உக்காந்து பேசாம இந்த வழிக்குப் போகாதீங்க.

சொல்லப்போனா, எந்த வழியா இருந்தாலும் வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது சொல்லிடுங்க. ஐடில வேலை பார்க்குறான், நல்ல சம்பளம், கார்டு கடன் இருக்குன்னு எப்படிச் சொல்றதுன்னு நிறைய பேர் மறைக்கிறாங்க. மறைக்கிறவரைக்கும் மினிமம் டியூ மட்டும் கட்டிட்டே ஓட்ட வேண்டியதுதான். மேல பார்த்த கணக்குதான் அதுக்குக் கூலி.

கடனை மாத்தினதுக்கு அப்புறம் ஒரு ஆபத்து இருக்கு. கார்டுல பாக்கி பூஜ்யம், லிமிட் முழுசா திரும்ப வந்திருக்கும். திரும்பத் தேய்ச்சா லோனும் ஓடும், கார்டும் ஓடும். ஆப்லயே லிமிட்டைக் குறைச்சு வச்சுடுங்க. இனி தேவையே இல்லைன்னா, அப்போ அந்த சரண்டர் உரிமையைப் பயன்படுத்தலாம். மொத்த லிமிட் குறையுறதால கிரெடிட் ஸ்கோர் கொஞ்சம் ஆடலாம். அதுக்காக மட்டும் தேவையில்லாத கார்டை வச்சிருக்கணும்னு நான் சொல்லமாட்டேன்.

தகவலே வரலைன்னா?

முதல்ல ஸ்பாம், ப்ரமோஷன்ஸ் ரெண்டு ஃபோல்டரையும், எஸ்எம்எஸ்ஸையும் தேடுங்க. "ரிவிஷன்", "டேர்ம்ஸ்"னு போட்டுத் தேடினா பெரும்பாலும் மாட்டும். நிஜமாவே வரலைன்னா, பழைய ஸ்டேட்மென்ட்டையும் புது ஸ்டேட்மென்ட்டையும் இணைச்சு கார்டு நிறுவனத்துக்கு எழுத்துல புகார் அனுப்புங்க. போன்ல சண்டை போட்டா ஆதாரம் இருக்காது. புகார் எண் வாங்கிக்கோங்க. 30 நாள்ல பதில் வரலைன்னாலோ, வந்த பதில் திருப்தியா இல்லைன்னாலோ, ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். ரிசர்வ் வங்கியோட புகார் இணையதளத்துலயே பதிவு பண்ணலாம், கட்டணம் கிடையாது. வழி தெரியலைன்னா 14448க்குக் கூப்பிட்டுக் கேளுங்க. புகார் ஓடிட்டு இருக்கும்போது பில் கட்டுறதை நிறுத்திடாதீங்க. லேட் ஃபீயும் கிரெடிட் ஸ்கோரும் உங்க நியாயத்துக்காகக் காத்திருக்காது.

வாய்ஸ் நோட் அனுப்பின நம்ம லிஸனருக்கு: உங்க புது வட்டி அமலுக்கு வர இன்னும் நாள் இருக்குன்னு சொன்னீங்க. ரெண்டு போன் கால் பண்ணுங்க, ஒண்ணு கார்டு நிறுவனத்துக்கு, இன்னொண்ணு உங்க சம்பள பேங்குக்கு. ரெண்டு பேரும் சொல்ற வட்டியை எனக்கு அனுப்புங்க, அதே ஷீட்ல போட்டு எது லாபம்னு சொல்றேன்.

மத்தவங்க எல்லாரும் இந்த எபிசோட் முடிஞ்சதும் உங்க கடைசி ஸ்டேட்மென்ட்டைத் திறந்து, மாச வட்டி என்ன போட்டிருக்குன்னு ஒரு தடவை பாருங்க. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. கார்டு நம்பர், ஓடிபி மட்டும் யாருக்கும் அனுப்பாதீங்க, எனக்கும்தான். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.