அயலிடத்துச் சுவடிகளும் அட்டவணைப் பணியும்

(சுவடியியல் கருத்தரங்கில் ஆற்றிய தலைமை உரை, கொல்கத்தா)

தமிழ் நிலத்துக்கு வெளியே உள்ள தமிழ்ச் சுவடிகளைப் பற்றிப் பேசத் தஞ்சாவூரிலோ சென்னையிலோ கூடாமல் கொல்கத்தாவில் ஏன் கூட வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கலாம். இந்த ஊருக்கு அந்த உரிமை உண்டு. அலிப்பூரில் பெல்வெடியர் வளாகத்தில் இயங்கும் தேசிய நூலகத்தில் எஸ். வையாபுரிப் பிள்ளையின் சேகரிப்பு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்து அதை முடித்துக் கொடுத்தவர் தேடித் திரட்டிய அச்சு நூல்களும் ஓலைச் சுவடிகளும் ஹூக்ளிக் கரைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. சங்க நூல் ஏடுகளும் அவற்றில் அடக்கம். தமிழ் படிக்கும் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சுவடி பாரிஸில் இருக்கிறதா, கொல்கத்தாவில் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. அந்தக் கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்பதே முதல் கேள்வி. மின்னுருவாக்கத்துக்குப் பெரும் பணம் ஒதுக்கப்படும் இக்காலத்தில், படம் எடுப்பதற்கு முன்னாலோ குறைந்தது அதனோடு கூடவோ விளக்க அட்டவணை செய்யப்படாவிட்டால் அந்த உழைப்பில் பெரும்பகுதி வீணாகும் என்பதை இந்த அவையின் முன் வைக்க விரும்புகிறேன்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. காலின் மெக்கன்சி தென்னாட்டில் நில அளவை செய்துகொண்டே சுவடிகள், கல்வெட்டுப் படிகள், ஊர் வரலாறுகளான கைபீதுகள் எல்லாவற்றையும் திரட்டினார். 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார். சேகரிப்பும் அவரோடு இந்த நகரத்துக்கு வந்தது. 1821-இல் அவர் இறந்தபின் கம்பெனி அரசாங்கம் அதை ஒரு லட்சம் ரூபாய்க்கு அவர் மனைவியிடமிருந்து வாங்கியது. எச். எச். வில்சன் தொகுத்த விளக்க அட்டவணை 1828-இல் இங்கேயே இரண்டு தொகுதிகளாக அச்சாயிற்று. சேகரிப்பு உடைந்தது. ஒரு பகுதி லண்டனுக்குப் போயிற்று. தென்மொழிச் சுவடிகள் சென்னைக்குத் திரும்பி, இன்றைய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் அடித்தளமாயின. ஒரே மனிதர் ஒரே நோக்கத்தோடு திரட்டியதை இரண்டு கண்டங்களில் பிரித்து வைத்த பிறகும், எது எதோடு சேர்ந்தது என்று இன்றும் நம்மால் சொல்ல முடிகிறது. காரணம் அந்த 1828-ஆம் ஆண்டு அட்டவணைதான். அது குறையற்ற நூல் என்று நான் சொல்லவில்லை. வில்சன் வடமொழி வல்லவர். தென்மொழிகளில் அவருக்குப் பயிற்சி இல்லை. இந்திய உதவியாளர்கள் எழுதித் தந்த சுருக்கங்களையும் மொழிபெயர்ப்புகளையும் நம்பியே அவர் எழுதினார். பல பதிவுகள் மேலோட்டமானவை. ஆனால் குறையுள்ள அட்டவணையைத் திருத்தலாம். இல்லாத அட்டவணையைத் திருத்த வழியில்லை.

இந்த வரலாற்றில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மெக்கன்சிக்காக ஊர் ஊராக அலைந்து சுவடிகளைக் கேட்டு வாங்கியவர்கள், படித்துப் பொருள் சொன்னவர்கள், காவலி வேங்கட போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா போன்றோர். போரய்யா 1803-லேயே மறைந்தார். மெக்கன்சியின் மறைவுக்குப் பின் லட்சுமய்யா அந்தப் பணியைத் தொடர விரும்பினார். 1830-களில் அவருடைய வேண்டுகோள் இவ்வூர் ஆசியக் கழகத்தின் கருத்துக்கு வந்தபோது, அப்பணிக்கு ஓர் இந்தியர் தலைமை தாங்கலாம் என்பதைக் கழகம் ஏற்கவில்லை. சுவடிகளின் வரலாற்றை நேரில் அறிந்திருந்த மனிதரின் அறிவு ஏட்டில் ஏறாமலே போயிற்று. பிறகு பாதிரியார் வில்லியம் டெய்லர் சென்னையில் அச்சேகரிப்பை ஆராய்ந்தபோது, பூச்சி அரித்தவையும் மை மங்கியவையும் ஏராளமாக இருந்தன. மங்கிய கையெழுத்துகளைப் புதுத் தாளில் பெயர்த்தெழுதச் செய்தார். அன்று செப்பனிடல் என்பதற்கு அதுதான் பொருள். அவர் செய்தது பெரும் தொண்டு. ஆயினும் ஒவ்வொரு சுவடியும் எந்த ஊரில், யார் வீட்டில், எந்தச் சூழலில் கிடைத்தது என்று லட்சுமய்யா சொல்லியிருக்கக்கூடியதை டெய்லரால் சொல்ல இயலவில்லை. அட்டவணை செய்யும் பொறுப்பை யாரிடம் கொடுக்கிறோம் என்பதும் அட்டவணையின் தரத்தில் ஒரு பகுதி என்பதை அந்த மறுப்பு நமக்குக் காட்டுகிறது.

படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டால் போதும், உலகத்தில் யாராவது படித்துக்கொள்வார்கள் என்று சொல்பவர்கள் ஓர் ஓலைக்கட்டை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். தமிழ் ஏட்டில் பெரும்பாலும் புள்ளி இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவத்தில் வேறுபடுவதில்லை. ரகரமும் காலும் ஒன்றுபோல நிற்கும். சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. நூலின் பெயர் முதல் ஏட்டில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஒரே கயிற்றில் ஒரு நிகண்டு, ஓர் அந்தாதி, பாதி வைத்தியம், கடைசியில் நான்கு ஏடு கடன் கணக்கு என்று கோக்கப்பட்டிருப்பது வழக்கம். ஏடுகள் முன்பின்னாகக் கோக்கப்பட்டிருந்தால், ஓரத்திலுள்ள தமிழ் எண்ணைப் படித்து ஒழுங்குபடுத்தத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் எடுத்த படம், அந்தக் குழப்பத்தையே நிரந்தரமாக்கிவிடும். அப்படிப்பட்ட ஆயிரம் படங்களை ‘தமிழ்ச் சுவடி, பெயர் தெரியவில்லை’ என்ற தலைப்பில் சர்வரில் வைத்தால், பூட்டிய பரணை வேறொரு வீட்டுக்கு மாற்றியதாகவே ஆகும்.

நூல்களெல்லாம் அச்சாகிவிட்டன, இனி ஏடு எதற்கு என்ற மறுப்பும் உண்டு. இதற்கு வையாபுரிப் பிள்ளையின் பணியே விடை. 1938-இல் அவர் புறத்திரட்டைப் பதிப்பித்தார். பழைய நூல்கள் பலவற்றிலிருந்து பாடல்களைத் தெரிந்தெடுத்து யாரோ ஒருவர் தொகுத்து வைத்த திரட்டு அது. முத்தொள்ளாயிரம் முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. இன்று நாம் அதன் பாடல்களாகப் படிப்பவை பெரும்பாலும் புறத்திரட்டின் வழி வந்தவை. வளையாபதி, குண்டலகேசிச் செய்யுள்கள் பலவும் அப்படித்தான். இறந்துபட்ட நூல் இன்னொரு நூலின் வயிற்றில் உயிரோடு இருந்திருக்கிறது. கட்டின் மேலே எழுதியுள்ள பெயரை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டிருந்தால் இந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்திருக்காது. ஏடு ஏடாகப் புரட்டி, உள்ளே உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தறியும் அட்டவணை வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அச்சான நூல்களுக்கும் இது பொருந்தும். புதுச்சேரியில் உள்ள தூரகிழக்கு நாடுகள் பற்றிய பிரெஞ்சு ஆய்வுப்பள்ளி நற்றிணையை 2008-லும் குறுந்தொகையை 2010-லும் ஏவா வில்டன் பதிப்பில் வெளியிட்டது. கிடைக்கும் ஏடுகளையெல்லாம் ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் கொடுக்கும் அந்த வரிசைப் பணியில் கொல்கத்தா ஏடுகளும் இடம்பெற்றன. இங்கே உள்ள சுவடிகளைப் பற்றிய குறிப்பு இருந்ததால்தானே அவர்கள் இங்கே தேட முடிந்தது?

அட்டவணைப் பணியின் ஊடே பழைய நூல்கள் வெளிப்படுவது வங்காள நண்பர்களுக்குப் புதிய செய்தி அன்று. 1907-இல் ஹரப்பிரசாத் சாஸ்திரி காத்மாண்டு அரண்மனை நூலகத்தில் சர்யாபதங்களைக் கண்டார். 1916-இல் அவை அச்சாயின. வங்க மொழியின் மிகப் பழைய பாடல்களாகப் போற்றப்படுபவை வங்கத்துக்கு வெளியே இருந்தன. அவர் அங்கே வெறும் பார்வையாளராகப் போகவில்லை. அந்த நூலகத்தின் சுவடிகளுக்கு அட்டவணை தொகுத்தவர் அவர். தேடித் தொகுத்துப் பட்டியலிடும் பணியின் ஊடேதான் அந்தப் பாடல்கள் கைக்கு வந்தன.

ஐரோப்பாவுக்கு வருவோம். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் குறிப்பெழுதி, 1708-இல் ஓர் அட்டவணையை ஜெர்மனியின் ஹாலேக்கு அனுப்பினார். அவர் சேர்த்த ஏடுகள் அப்படியே ஒரு தொகுதியாக எஞ்சவில்லை. அட்டவணை எஞ்சியது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழநாட்டுக் கடற்கரையில் மக்கள் எவற்றைப் படித்தார்கள் என்று இன்று நாம் அறிவது அதனால். பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ள தமிழ்ச் சுவடிகளில் பல, புதுச்சேரியில் பணியாற்றி 1854-இல் மறைந்த எதுவார் அரியேல் திரட்டியவை. அவற்றைப் பற்றி அறிந்திருந்த பிரெஞ்சுத் தமிழறிஞர் ஜூலியன் வின்சோன் உ. வே. சாமிநாதையரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். 1912-இல் கபாத்தோன் அந்நூலகச் சுவடிகளுக்கு ஒரு சுருக்கப் பட்டியலை வெளியிட்டார். அது சுருக்கப் பட்டியல்தான். பல பதிவுகள் ஓரிரு வரிகள். அண்மையில் பாரிஸ், ஹாம்பர்க் தமிழ்ச் சுவடிகளை ஒருங்கே எடுத்துக்கொண்ட ஒரு திட்டம், நூலுக்கு வெளியே ஏட்டில் எழுதப்பட்டவற்றையும் வகைப்படுத்தியது: காப்புச் செய்யுள், எழுதியவர் பெயர், ஏட்டுக்கு உரியவர் பெயர், எழுதி முடித்த ஆண்டும் நாளும், பிழை பொறுக்குமாறு வேண்டுதல். பதிப்பாசிரியர்கள் காலமெல்லாம் ஒதுக்கிவிட்ட இந்த வரிகள்தாம் தமிழ்க் கல்வியின் சமூக வரலாறு.

அதே ஹாம்பர்க் நகரின் பல்கலைக்கழகத்தில் எத்தியோப்பியச் சுவடிகளுக்காக 2016-இல் தொடங்கி 2040 வரை நடக்க இருக்கும் நெடுங்காலத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பேத்த மஸாஹிஃப்த். ஐரோப்பிய நூலகங்களில் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த கீயஸ் மொழித் தோல் சுவடிகளின் பழைய அட்டவணைகளை ஒரே மின்தளத்தில் இணைத்து, திருத்தி, நூல், எழுத்தர், இடம், உடையவர் என்ற இழைகளால் பிணைக்கிறார்கள். கால் நூற்றாண்டு ஒதுக்கியிருப்பதைக் கவனியுங்கள். சுவடி விவரிப்பு மூன்றாண்டு நிதிக்குள் முடியும் வேலை அன்று என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம்முடைய நிதியளிப்போரும் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எத்தியோப்பியாவின் பெயரைச் சொன்னதும் எழும் கேள்வியைத் தவிர்க்க முடியாது. கொண்டுபோனதைத் திருப்பிக் கேட்காமல் அட்டவணை என்ன, படம் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கோபம் நியாயமானது. 1868-இல் பிரிட்டிஷ் தளபதி நேப்பியரின் படை, பம்பாயிலிருந்து போன இந்தியச் சிப்பாய்களோடு, எத்தியோப்பியாவின் மக்தலாக் கோட்டையைப் பிடித்துச் சூறையாடியது. ஏறத்தாழ 350 சுவடிகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயின. அவற்றில் கெப்ர நகஸ்த் நூலின் ஒரு படியை எத்தியோப்பிய அரசர் நான்காம் யோஹன்னிஸ் பெயரைச் சொல்லிக் கேட்டார். 1872-இல் அது திரும்பியது. பெயர் தெரிந்ததால் கேட்க முடிந்தது. 1877-இல் அருங்காட்சியகத்தின் எத்தியோப்பியச் சுவடிகளுக்கு வில்லியம் ரைட்டின் அட்டவணை வந்தபின், எவை எவை அங்கே இருக்கின்றன என்று எத்தியோப்பியர்கள் அச்சிட்ட சான்றோடு வாதாட முடிகிறது. பட்டியல் இல்லாத பொருளுக்கு உரிமை கோர எந்த மன்றத்திலும் வழியில்லை. தமிழ்ச் சுவடிகளில் சில விலைக்கு வாங்கியவை, சில அன்பளிப்பு, சில கூலிக்குப் படியெடுத்தவை, சில எப்படிப் போயின என்றே தெரியாதவை. இவற்றைப் பிரித்தறியாமல் எல்லாவற்றையும் கொள்ளை என்பதும் தவறு, எல்லாவற்றையும் பாதுகாப்பு என்பதும் தவறு. வந்த வழியைப் பதிவு செய்வது அட்டவணையாளரின் கடமை. திரும்பி வந்தால் மட்டும் போதுமா என்பதையும் நாம் நேர்மையோடு கேட்டுக்கொள்ள வேண்டும். வையாபுரிப் பிள்ளையின் சுவடிகள் நாட்டை விட்டுப் போகவே இல்லை; அவற்றுக்கே இன்னும் ஏடுவாரியான விளக்க அட்டவணை தேவைப்படுகிறது.

ஏடு நொறுங்கிக்கொண்டிருக்கிறது, இராமபாணப் பூச்சி காத்திருக்காது, முதலில் படம் எடுப்போம் என்பதே எனக்குக் கடினமாகப் படும் மறுப்பு. வெள்ளமோ நெருப்போ சூழ்ந்த இடத்தில் அது சரி. அங்கே நானும் கேமராவைத்தான் முதலில் அனுப்புவேன். ஆனால் வழக்கமான சூழலில் படம் எடுக்க எப்படியும் கட்டை அவிழ்க்கிறோம், துடைக்கிறோம், எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுகிறோம், எழுத்துத் தெரிய மை பூசுகிறோம். அந்த நேரத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் அருகில் அமர்ந்து, முதலும் முடிவும், ஏட்டெண்ணும், குறைந்த ஏடுகளும், முடிவுக் குறிப்பும் எழுதிக்கொண்டால் கட்டை மறுமுறை அவிழ்க்க வேண்டியதில்லை. நொறுங்கும் ஏட்டுக்கு அதுவே பெரிய பாதுகாப்பு. செப்பனிடுவோர் செய்ததையும் அதே பதிவில் எழுத வேண்டும். உடைந்த ஓரத்தைச் சீராக வெட்டும்போது ஏட்டெண் போய்விடுவதுண்டு. பழைய கம்பையையும் கயிற்றையும் எறிந்துவிட்டுப் புது அட்டை போட்டால் அந்தச் சுவடி எந்த வட்டாரத்தது என்பதற்கான தடயம் போய்விடுகிறது. இயந்திரம் எல்லாவற்றையும் படித்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் இதே விடை. கையெழுத்தைப் படிக்க இயந்திரத்தைப் பழக்குவதற்கு, மனிதர் படித்துச் சரிபார்த்த ஏடுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். அவற்றை உண்டாக்குவோர் அட்டவணையாளர்களே.

2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட ஞான பாரதம் திட்டம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளை எட்ட நினைக்கிறது. அதை வரவேற்கிறேன். அந்தத் திட்டத்தின் கணக்கு, எத்தனை படங்கள் எடுத்தோம் என்பதோடு நிற்காமல், எத்தனை சுவடிகள் விவரிக்கப்பட்டன என்பதையும் கேட்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஐம்பது சுவடிகளை ஏடு ஏடாகப் படித்து விவரித்த மாணவரின் உழைப்பை முனைவர் பட்டத்துக்கு உரிய ஆய்வாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஏடு படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பட்டமும் பதவியும் இல்லாத வேலைக்கு இளைஞர்கள் வரமாட்டார்கள். அட்டவணையின் ஒவ்வொரு பதிவிலும் அதைச் செய்தவர் பெயர் இருக்கட்டும். லட்சுமய்யாவுக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேர வேண்டாம்.

இரண்டு நாள் அமர்வுகளில் கட்டுரைகள் பல வாசிக்கப்பட இருக்கின்றன. அவற்றோடு ஒரு தீர்மானத்தையும் இந்த அவை நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தேசிய நூலகத்தில் உள்ள வையாபுரிப் பிள்ளைச் சுவடிகள் அனைத்துக்கும் ஏடுவாரியான விளக்க அட்டவணை தமிழிலும் ஆங்கிலத்திலும் தொகுக்கப்பட வேண்டும். அது படங்களோடு இணைத்துக் கட்டணமின்றி வெளியிடப்பட வேண்டும். அதற்கு ஏடு படிக்கத் தெரிந்த நால்வரும், செப்பனிடத் தெரிந்த இருவரும், நூலகத்தின் இசைவும் தேவை. தேவையான பயிற்சி உள்ளவர்கள் இந்த மண்டபத்திலேயே அமர்ந்திருக்கிறீர்கள். பெயர் கொடுங்கள்.