கழிவுநீரும் ஒப்பந்தப் பத்திரமும்



வீட்டிலிருந்து வெளியேறும் கழிவுநீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று பெரும்பாலோர் கேட்பதில்லை. சென்னைக்கு அணித்தாய், பரங்கிமலையை அடுத்துள்ள ஆலந்தூர் மக்களோ அதனைக் கேட்டேயாக வேண்டிய நிலைக்கு வந்தனர். அங்கே வீடுதோறும் மலக்குழி இருந்தது. நிலத்தடிக் குழாய் இல்லை. குழி நிரம்பினால் லொறியை அழைக்க வேண்டும். 1996ஆம் ஆண்டில் ஆலந்தூர் நகராட்சி, நம் நாட்டு வழக்கிற் சொன்னால் நகரசபை, இதற்கு முடிவு காணத் துணிந்தது. ஆனால் வேலைக்கு வேண்டிய பணம் அதன் கருவூலத்தில் இல்லை.

ஆகவே மூன்று வழிகளிற் பணம் திரட்டப்பட்டது. ஒரு பகுதி கடன். ஒரு பகுதி மக்களின் வைப்புப் பணம்: குடியிருப்பு வீடொன்றுக்கு 5,000 ரூபாய், கடை முதலியவற்றுக்கு 10,000 ரூபாய். குழாய் பதிக்கப்படுமுன்னரே கேட்கப்பட்ட பணம் இது. எஞ்சிய ஒரு பகுதியாகிய சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் தம் முதலைக் கொண்டு கட்டி, 14 ஆண்டுகள் நடத்தி, பின்னர் நகராட்சியிடம் ஒப்படைப்பதென ஏற்பாடாயிற்று. அரசாங்கமும் தனியாரும் கூடிச் செய்யும் முயற்சி என்று சொல்லப்படுவது இதுவே.

இத்தகைய முயற்சியிற் பொறியியலாளரின் பணி கண்ணுக்குத் தெரியும். சட்டத்தரணியின் பணி தெரிவதில்லை. ஒப்பந்தம் எழுதுவதென்றால் வழக்கு வந்தபின் வெல்வதற்கான சொற்களைத் தேடிக் கோப்பது என்று சிலர் எண்ணுகின்றனர். அது பிழையான எண்ணம். எது பிழைத்தால் எவர் பொறுப்பு என்பதைக் கையொப்பத்திற்கு முன்னரே கேட்பவர்தான் நல்ல சட்டத்தரணி.

ஆலந்தூரில் எழுந்த முதற்கேள்வியையே பார்ப்போம். நிலையத்தின் முதற்கட்டம் நாளொன்றுக்கு 1 கோடியே 20 இலட்சம் லீற்றர் கழிவுநீரைச் சுத்திகரிக்கக் கூடியது. சுத்திகரிக்கும் அளவுக்கேற்பத் தனியாருக்குக் கூலி. நிலையம் ஆயத்தமாகி, தெருக்களிற் குழாய் பதிந்து முடியாதிருந்தால் என் செய்வது? குழாய் பதிந்தும் வீட்டார் இணைப்புப் பெறாமல் பழைய குழியையே நம்பியிருந்தால்? கழிவுநீர் வாராது, கூலியும் இராது, வங்கிக் கடனுக்குத் தவணை மட்டும் தவறாமல் வரும். இந்த இடர் எவரைச் சேர வேண்டும்?

வீடுகளை இணைக்கும் அதிகாரம் நகராட்சியிடமே உண்டு. நிலையம் நடத்துபவர் வீடு வீடாய்ச் சென்று எவரையும் கட்டாயப்படுத்த இயலாது. எவரால் ஓர் இடரைத் தடுக்க முடியுமோ அவரே அதைச் சுமக்க வேண்டுமென்பது இத்துறையின் அடிப்படை விதி. ஆதலின் கழிவுநீர் குறைந்தாலும் ஒரு குறைந்தபட்சத் தொகையைத் தருவதாக நகராட்சி உறுதியளித்தது. இது தனியாருக்குக் காட்டிய சலுகையெனத் தோன்றலாம். அன்று. அவ்வுறுதி இல்லாவிடின் தம் முதலைப் போட எவரும் முன்வந்திரார்; வந்தாலும் அந்த அச்சத்தின் விலையைக் கூலியிலே கூட்டியிருப்பர். ஆயினும் அத்தொகையை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதிலேதான் ஊரின் பணம் தங்கியிருக்கிறது. மிகையாக வைத்தால், வராத கழிவுநீருக்கு ஊரார் பல்லாண்டுகள் விலை கொடுப்பர்.

கங்கைக் கரையிலே அரசாங்கம் வேறொரு பாடம் கற்றது. அங்கு அரசுப் பணத்திற் கட்டிய நிலையங்கள் சில சரிவர நடத்தப்படாமலே கிடந்தன. கட்டியவர் பணம் பெற்றுப் போய்விட்டார். நடத்துவதில் அவருக்கு அக்கறை ஏது? எனவே 2016ஆம் ஆண்டில் இந்திய அமைச்சரவை புதியதொரு முறைக்கு இசைவளித்தது. கட்டுமானச் செலவில் நூற்றுக்கு 40 பங்கு கட்டும்போதே தரப்படும். எஞ்சிய 60 பங்கு, நிலையம் நடைபெறும் 15 ஆண்டுகளிலே தவணையாகத் தரப்படும். வெளிவரும் நீர் குறித்த தரத்தில் இராவிடின் கொடுப்பனவு குறையும். இம்முறையில் முதலாவது ஒப்பந்தங்கள் வாரணாசிக்கும் அரித்துவாரத்திற்கும் 2017 ஒக்ரோபரிற் கைச்சாத்தாயின.

அதே மாதத்தில் மத்திய அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்குரிய தரவிதிகளைப் புதிதாய் வெளியிட்டது. 2019 ஏப்பிரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அவற்றிலும் கடுமையான தரங்களை வேண்டி, பழைய நிலையங்களுக்கும் அவை பொருந்துமெனக் கட்டளையிட்டது. 15 ஆண்டு ஒப்பந்தத்தின் தொடக்கத்திலேயே சட்டம் இவ்வாறு அசைந்தால், புதிய இயந்திரத்திற்கு யார் பணம் தருவது? சட்டம் மாறும் போதுள்ள பொறுப்பை வகுக்கும் பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தால், கணக்குப் பார்த்து முடித்துவிடலாம். இல்லையேல் நீதிமன்றத்திற் பல ஆண்டு கழியும். கழிவுநீரோ அதுவரை காத்திராது.

இனி மீண்டும் ஆலந்தூருக்கு வருவோம். அவ்வொப்பந்தத்தின் 14 ஆண்டுகள் முடியுமுன்னரே, 2011ஆம் ஆண்டில், ஆலந்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. கையொப்பமிட்ட தரப்பே தனியமைப்பாக இல்லாமற் போயிற்று. குறைந்தபட்சத் தொகையைத் தருபவர் யார், நிலையம் திரும்ப ஒப்படைக்கப்படும்போது பம்பிகளையும் தொட்டிகளையும் சோதித்துப் பெற்றுக்கொள்பவர் யார், 5,000 ரூபாய் கட்டிய வீட்டார் முறையிட வேண்டிய வாசல் எது என்பன யாவும், தரப்பினரின் உரிமையும் கடமையும் அவருக்குப் பின்வருவோரையும் சேரும் என்ற ஒரு சிறு வாசகத்தைப் பொறுத்தவை. பத்திரத்தின் முகப்பில், தரப்பினரின் பெயர்களுக்குப் பக்கத்திலே, பலர் படிக்காமற் கடந்து போகும் வாசகம் அது.