குழிக்குள் இறங்காத அறிவு

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அறிவுசார் பொருளாதாரம் வந்துவிட்டது, இனி தேசத்தின் உற்பத்தித்திறன் தானாக உயரும் என்கிறார்கள். உயரட்டும், சந்தோஷம். ஆனால் அந்த அறிவு எந்த வேலைக்குள்ள போகுது, எந்த வேலைக்குள்ள போக மறுக்குது? இதைக் கேட்காமல் அந்த வார்த்தையை நாம் வாங்கிக்கொள்ள முடியாது.

முதலில் கணக்கு. 2023-24இல் மென்பொருள் துறையில் இருந்தவர்கள் ஏறக்குறைய 54 லட்சம் பேர். நாட்டில் வேலை செய்பவர்களில் நூற்றுக்கு ஒருவர். மொத்த உற்பத்தியில் இவர்கள் பங்கு சுமார் 7 சதவீதம். விவசாயத்தில் நூற்றுக்கு 46 பேர் (2023-24 கணக்கு). பங்கு 18 சதவீத அளவில்தான். ஆக, ஒரு மென்பொருள்காரருக்கு ஈடுகட்ட பதினைந்து பேருக்கு மேல் வயலில் இறங்கணும். இதைப் பார்த்துட்டு நாத்து நடுறவங்களுக்கு அறிவு பத்தலைன்னு முடிவு கட்டுறவங்க இருக்காங்க.

இவர்களுக்கு அம்பேத்கர் 1918இலேயே பதில் எழுதிவிட்டார். நிலம் துண்டு துண்டாகக் கிடப்பதுதான் இந்திய விவசாயத்தின் நோய் என்று பொருளாதார அறிஞர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். துண்டு சின்னதா பெருசாங்கிறது இல்ல விஷயம். அதில் போடும் மூலதனமும் கருவியும் போதவில்லை, வேறு பிழைப்பில்லாத கூட்டம் மண்ணிலேயே தேங்கி நிற்கிறது, தொழில்மயமாக்குங்கள் என்பது அவர் வாதம். 1936இல் இன்னொரு படி போகிறார். சாதி ஒருவனைத் தன் திறமைக்கேற்ற வேலைக்குப் போக விடாது, வேலை மாறவும் விடாது. ஆகவே பொருளாதாரத்துக்கே கேடு என்கிறார். நம்ம பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் இது எங்கே இருக்கு? தேடிப் பாருங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். உழைப்பு மலிவாகக் கிடைக்கும் இடத்தில் எவனும் அறிவை முதலீடு செய்ய மாட்டான். உழைப்பை மலிவாகவே வைத்திருக்கும் இயந்திரம் சாதி.

1993க்குப் பிறகு சாக்கடையிலும் மலக்குழியிலும் செத்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் கொடு என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் செப்டம்பரில் மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தது. மேன்ஹோலைச் சுத்தம் செய்யும் ரோபோ திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது 2018இல். 2023 அக்டோபரில் நீதிமன்றம் அந்த 10 லட்சத்தை 30 லட்சமாக்க வேண்டியிருந்தது. அப்பவும் செத்துக்கிட்டுதான் இருந்தாங்க. செவ்வாய்க்குப் போகத் தெரிஞ்ச நாட்டுக்கு ஒரு குழிக்குள்ள இரும்புக் கையை விடத் தெரியாதா? தெரியும். தேவைப்படலை. கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரும் சேரி பக்கத்திலேயே இருக்கும்போது இயந்திரத்துக்கு யார் காசு போடுவான்?

இன்னொன்று, எதை அறிவு என்கிறோம் என்பது. என் பெரியப்பா அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புக் குழியில் ஊறும் தோலை இழுத்து, மயிரை விரலால் நெருடிப் பார்த்து, 'இன்னும் ஒருநாள் கெடக்கட்டும்' என்பார். வெயிலுக்கு ஒரு கணக்கு, மழைக்கு ஒரு கணக்கு. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல்தான் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போனது. 1948இல் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. நிலையம் வேண்டியதுதான், நான் அதற்கு எதிரி அல்ல. ஆனால் ஆய்வறையில் செய்தால் அது விஞ்ஞானம். பெரியப்பா செய்தால் குலத்தொழில், தினக்கூலி. ஊருக்குள்ள நடந்தா மூக்கைப் பொத்துவான்.

இப்போது மென்பொருள் கம்பெனிகள் தனியாருடையவை. இடஒதுக்கீடு அங்கே கிடையாது. 'தகுதி' என்கிறான். பெரியப்பாவின் விரலுக்கு எந்தப் பல்கலைக்கழகம் மார்க் போட்டது?

ஆய்வுப் படிப்புக்குப் போகும் தோழர்கள் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் போய் இந்தக் கைக்கணக்குகளைப் பெயரோடு, ஊரோடு எழுதி வாங்கணும். அந்தத் தலைமுறையில் மிச்சமிருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான்.