மாணவர் விழாவும் கூட்டுப் பொறுப்பும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கழகத்தின் இருபத்தைந்து ஆண்டு வரலாற்றைப் பேச ஆன்றோர் பலர் இங்கே இருக்கின்றனர். எனக்குத் தரப்பட்ட பொருள் சிறியதுபோலத் தோன்றும். மாணவர் விழாக்களை நடத்துவதில் நம் கூட்டுப் பொறுப்பு என்பதே அது. நாற்காலி போடுவதற்கும் இலை எடுப்பதற்கும் ஒரு சொற்பொழிவா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும்.

1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19, 20 ஆகிய நாட்களில், மராட்டிய மண்ணில் மகாத் என்னும் ஊரில், அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மாநாடு கூடியது. அதன் முடிவில் சவுதார் குளத்தில் நீர் அருந்திய நிகழ்ச்சியை நாம் அறிவோம். ஆனால் மாநாட்டிற்கு வந்தோர் குடிப்பதற்கென 40 ரூபாய்க்குத் தண்ணீர் விலைக்கு வாங்கப்பட்டது என்பதைப் பலர் அறியார். குளம் ஊருக்கு நடுவே இருக்க, நமக்கு மட்டும் நீர் விலைக்கு! அந்தத் தண்ணீரை யாரோ பேசி வாங்கினர்; யாரோ சுமந்தனர்; யாரோ எல்லார்க்கும் எட்டும்படி பகிர்ந்து கொடுத்தனர். அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் மாநாடு கூட்ட முனைந்தபோது பந்தலுக்கு இடம் தருவார் இல்லை. இசுலாமியர் ஒருவர் தம் நிலத்தை உதவினார். உள்ளூர் வணிகர் பொருள் தர மறுத்ததால் தானியம் வெளியூரிலிருந்து வந்தது. மகாதில் மாநாடு கூட்டவேண்டுமென ஓயாது முயன்றவர்களுள் ஒருவரான இராமச்சந்திர பாபாஜி மோரே அன்று 24 வயது இளைஞர். உங்களில் பலரைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்.

இவை தொலைவில் நடந்த பழங்கதைகள் என எண்ண வேண்டாம். 1978 ஜூலையில் நம்மவர் பன்னிரண்டு பேரைப் பறிகொடுத்த ஊர் விழுப்புரம். அவ்வூரில் நம் பிள்ளைகள் ஒலிபெருக்கி கட்டி, ஏப்ரல் 14 அன்று அண்ணல் படத்திற்கு மாலையிட்டு, தேர்வில் வென்றோருக்குப் பரிசு வழங்குவது பொழுதுபோக்கு அன்று.

ஆனால் அவ்விழாவை யார் நடத்துகின்றனர்? நான் பார்த்தவரையில் இரண்டு மூன்று பேர். ஒருவன் அச்சகத்திற்கு ஓடுகிறான். அவனே வாடகைப் பாத்திரத்திற்கும் ஓடுகிறான். காவல் நிலையத்தில் அனுமதி மனுவோடு காத்து நிற்பவனும் அவனே. விழா முடிந்தபின் கடன் அவன் தலையில். குறை கூறும் நாவுகளோ ஊரெங்கும். மூன்றாம் ஆண்டு அவன் வரமாட்டான். விழாவும் நின்றுபோகும்.

இதனினும் எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. வரவேற்புரை கல்லூரி மாணவனுக்கு. நன்றியுரை அலுவலர் வீட்டு மகனுக்கு. கூட்டுவதும் எச்சில் இலை எடுப்பதும் கூலி வேலைக்குப் போவோர் வீட்டுப் பிள்ளைக்கு. கோலமும் தேநீர்த் தட்டும் பெண்பிள்ளைகளுக்கு. எவரும் சொல்லாமலே இப்படி அமைந்துவிடுகிறது. பிறப்பைக் காட்டி நம் தலையில் வேலையைச் சுமத்தியவர்களை எதிர்த்து எழுந்த நாம், நம் பந்தலுக்குள்ளேயே இன்னாருக்கு இன்ன வேலை என வகுக்கலாமா?

வேலைகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுங்கள். செயலாளர் மகனுக்குத் துடைப்பம் வந்தால் அவன் கூட்டட்டும். பெண்பிள்ளைகள் மேடையில் பேசட்டும், பணப்பொறுப்பையும் ஏற்கட்டும். விழா முடிந்த ஒரு வாரத்திற்குள் வரவு செலவு எல்லார் முன்னிலையிலும் படிக்கப்பட வேண்டும். பூ வாங்கிய செலவும் அதில் இருக்கவேண்டும். நம் பிள்ளைகளை நம்பாமலா என்பர். நம்பிக்கை வேறு, கணக்கு வேறு. கணக்கைக் காட்டியவனை எந்த நாவும் தீண்டாது.

விழா விழுப்புரத்திலா, திண்டிவனத்திலா என்ற வழக்கும் நமக்குள் உண்டு. ஆண்டுக்கு ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளலாம். திண்டிவனத்தில் விழா என்றால் தலைமை விழுப்புரத்து மாணவர்க்கு. அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். பந்தி பரிமாறுவது மட்டும் எப்போதும் இரு ஊராரும் கலந்தே. எங்கே நடந்தாலும் மாலை ஆறு மணிக்குள் முடித்தால்தான் சிற்றூர்ப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், இருட்டுமுன் பேருந்து ஏறுவர். சிறப்புப் பேச்சாளர்கள் இதை மறந்துவிடுகின்றனர்.

நானும் பேச்சாளனே; ஆதலின் நிறுத்திக்கொள்கிறேன். இன்று பந்தல் பிரிக்கும் குழுவில் என் பெயரையும் எழுதிக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.