தீவைத் தனியே கணக்கெடுங்கள்!

(ஊர்காவற்றுறையில் நடைபெற்ற கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இக்கூட்டத்துக்கு வந்திருப்போருள் நெடுந்தீவாரும் நயினாதீவாரும் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை நான் குறை கூறேன். குறிகாட்டுவானில் நிற்கும் கடைசிப் படகு எவருடைய பேச்சுக்காகவும் காத்திராது. ஆகவே சுருங்கச் சொல்கிறேன். சொல்லப்போவதும் அந்தப் படகைப் பற்றியதே.

அபிவிருத்தியடைந்து வரும் நாடுகளை ஆராயும் அறிஞர்கள் நெடுங்காலம் பாதுகாப்பைப் படையினரிடமும், சுகாதாரத்தை டாக்குத்தர்களிடமும், கல்வியை ஆசிரியர்களிடமும் வேறு வேறாக ஒப்படைத்துப் பேசி வந்தனர். 1994ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் வெளியிட்ட அறிக்கை அந்த வேலிகளைப் பிடுங்கியெறிந்தது. எல்லையைக் காப்பது மட்டும் பாதுகாப்பன்று. மனிதனின் உணவும், உடல்நலமும், வருமானமும், உயிரும், உரிமையும் காக்கப்படுவதே பாதுகாப்பு என்று அது கூறிற்று. பாகிஸ்தானியப் பொருளியலறிஞர் மஹ்பூப் உல் ஹக் அதற்கு முன்னின்றார். அவ்வறிக்கை கூறிய உண்மையைத் தீவகத்தார் தம் வாழ்விலேயே கண்டவர்கள். இங்கே மூன்றும் ஒரே படகில் ஏறித்தான் வரவேண்டும். படகு ஓடாத நாளில் மூன்றும் இல்லை.

உலகம் புகழ்ந்த இலங்கை

இந்நாட்டை உலகம் புகழ்ந்தது உண்மை. 1934, 1935ஆம் ஆண்டுகளில் பரவிய மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்ட நாடு இது. அதே நாடு 2016இல் மலேரியாவற்ற நாடென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் சான்றிதழைப் பெற்றது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1985இல் ரொக்பெல்லர் மன்றத்தின் ஆதரவில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் கண்ட இடங்களென்று சீனா, கொஸ்தாரிக்கா, கேரளம், இலங்கை ஆகிய நான்கையும் எடுத்துக்காட்டிற்று. பிரசவத்தில் தாய்மார் இறப்பதைக் குறைத்த நாடுகளென இலங்கையையும் மலேசியாவையும் உலக வங்கியின் ஆய்வொன்று 2003இல் பாராட்டிற்று.

இவ்வெற்றிக்கு அறிஞர்கள் கண்ட காரணங்கள் யாவை? மருத்துவிச்சி வீட்டுக்கு அருகில் இருந்தாள். வைத்தியசாலை எட்டும் தூரத்தில் இருந்தது. அங்கே பணம் கேட்கப்படவில்லை. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். இவையே முக்கியமானவை. இவற்றுள் எதுவும் மாயவித்தையன்று.

ஆனால் ‘எட்டும் தூரம்’ என்பதன் பொருள் என்ன? கொழும்பில் அது தெருக்கணக்கு. வேலணையில் அது மைல்கணக்கு. நெடுந்தீவிலோ அது காற்றுக்கணக்கு! குறிகாட்டுவானிலிருந்து அங்கே போக, கடல் அமைதியாயிருக்கும்போதே ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். கச்சான் காற்று எழுந்தால் அந்த ஒரு மணி நேரம் ஒரு நாளாகும்; இரண்டு நாளாகவும் ஆகும். நள்ளிரவில் பிரசவம் சிக்கலாகிவிட்ட தாய்க்கு, யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை இலவசமானது என்ற செய்தியால் என்ன பயன்? கட்டணத்தை அரசாங்கம் நீக்கிற்று. கடலை யார் நீக்குவது?

சராசரி என்னும் திரை

விவசாயப் பெருமக்களே, உங்களுக்குத் தெரிந்த உதாரணத்தாலேயே இதை விளக்குகிறேன். ஓர் ஊரில் பத்துக் கிணறுகள் உள. எட்டில் நன்னீர், இரண்டில் உவர்நீர். பத்துக் கிணற்று நீரையும் ஒரு குடத்தில் கலந்து சுவைத்துப் பார்த்து, “இவ்வூர்த் தண்ணீர் குடிக்கத் தக்கதே” என்று உத்தியோகத்தர் எழுதிச் சென்றால், உவர்க்கிணற்றடியில் குடியிருப்பவன் என்ன செய்வான்? அவனுடைய தாகம் அறிக்கையில் ஏறாது. தீவகத்தின் கதை இதுவே. நாட்டின் சராசரியில் யாழ்ப்பாண மாவட்டம் கரைகிறது; மாவட்டத்தின் சராசரியில் தீவு கரைகிறது.

இது வெறும் உவமையன்று என்பதற்குச் சான்று தருகிறேன். பல்கலைக்கழக அனுமதியில் இடங்களின் பெரும்பகுதி மாவட்ட அடிப்படையில் பங்கிடப்படுகிறது. கல்வி வசதியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு மேலதிக இடங்களும் உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகியவை அப்பட்டியலில் உள. அது நியாயமே, அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அப்பட்டியல் மாவட்டத்தை முழுதாகவே பார்க்கிறது; தீவைத் தனியே பார்ப்பதில்லை. அதன் விளைவு யாது? விஞ்ஞான ஆசிரியர் எப்போது வருவாரென்று இறங்குதுறையைப் பார்த்திருக்கும் நெடுந்தீவு மாணவி, நகரத்தின் புகழ்பெற்ற கல்லூரிகளிலும் தனியார் வகுப்புகளிலும் பயின்ற மாணவனோடு ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறாள். எழுபதுகளின் தரப்படுத்தலால் காயமுற்ற நம் சமூகத்துக்குக் கோட்டா என்ற சொல்லே கசக்கும். ஆயினும் நமக்கு இழைக்கப்பட்ட அநீதியை நினைவில் வைத்திருக்கும் நாம், நமக்குள்ளேயே இருக்கும் ஏற்றத்தாழ்வைக் காண மறுக்கலாமா?

நீதிமன்றிலும் இதே கதைதான். பல ஆண்டுகளுக்கு முன் தீவிலிருந்து வரவேண்டிய கட்சிக்காரி ஒருத்திக்காக ஒரு மன்றில் நான் நின்றேன். வழக்கு அழைக்கப்பட்டபோது அவள் வரவில்லை. கடல் கொந்தளித்தது என்று சொன்னேன். “மனுதாரர் சமுகமில்லை” என்று பதிவாயிற்று. பதிவில் பிழையில்லை. அவள் ஏன் வரவில்லை என்பதற்கு மட்டும் அங்கே இடமிருக்கவில்லை. அன்றுதான் கணக்கேட்டின் வலிமையை உணர்ந்தேன்: ஏட்டில் பத்தி இல்லாத துன்பம் நாட்டில் இல்லாத துன்பமாகிவிடுகிறது.

யாருடைய பாதுகாப்பு?

இனிப் பாதுகாப்புக்கு வருவோம். 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாளை இத்தீவகம் மறக்குமா? நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில், குழந்தைகளும் பெண்களும் உட்பட இருபதுக்கு மேற்பட்டோர் நடுக்கடலில் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் தீவு மக்களைக் கொண்டுசென்ற படகே கொலைக்களமாயிற்று. பின்னர் 1990, 1991ஆம் ஆண்டுப் போரில் ஊர்கள் ஊர்களாக மக்கள் பெயர்ந்தனர். போர் 2009இல் முடிந்தது. பெயர்ந்தவர்களுள் பலர் திரும்பவில்லை. புங்குடுதீவாரைத் தேடவேண்டுமாயின் இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் தேடவேண்டியிருக்கிறது.

பெரிய நாடுகளின் பாதுகாப்பும் நம் வாசலுக்கு வந்துவிட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் தரும் திட்டம் 2021இல் சீனக் கம்பனியொன்றுக்கு வழங்கப்பட்டது. தன் கரைக்கு அருகில் சீனர் வருவதை இந்தியா விரும்பவில்லை. அத்திட்டம் நின்றது. 2022இல் இந்திய நன்கொடையுடன் வேறோர் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. எந்த நாட்டின் நட்பு மேலானது என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிக்கு மின்சாரம் எந்தத் திசையிலிருந்து வந்தாலென்ன? வல்லரசுகளின் பாதுகாப்பு எண்ணப்பட்டபோது, அக்குளிர்பெட்டியின் பாதுகாப்பை எவராவது எண்ணினாரா?

எதிர்வாதமும் பதிலும்

“சில ஆயிரம் பேருக்காக இவ்வளவு செலவா?” என்று கேட்பார்கள். கேள்வியைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. ஆளுக்கு ஆள் கணக்குப் பார்த்தால் தீவுக்குச் செலவு கூடத்தான் செய்யும். ஆனால் கடலைக் காவல் செய்ய வரும்போது அரசு தலைக்கணக்குப் பார்ப்பதில்லையே! காவலுக்கு ஒரு படகு இரவு பகலாக ஆயத்தமாய் நிற்க முடியுமாயின், பிரசவத்துக்கு ஒரு படகு அவ்வாறு நிற்க ஏன் முடியாது? கடற்படைப் படகுகள் நோயாளரை ஏற்றி வந்ததுண்டு. அதை மறுப்பது நன்றிகேடு. ஆயினும் உதவி வேறு, உரிமை வேறு. உதவி கேட்பவன் கைகூப்பி நிற்கிறான். உரிமையுடையவன் நேரத்தைக் கேட்கிறான்.

சட்டத்தின் குறையையும் மறைக்கமாட்டேன். கல்வியில் யாவர்க்கும் சமவாய்ப்பு என்று அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை கூறுகிறது. அதை வைத்து வழக்காட முடியாதென்று 29ஆம் உறுப்புரை கூறுகிறது. ஒரு கை கொடுத்ததை மறுகை பூட்டி வைத்தது. கல்வியையும் சுகாதாரத்தையும் பெருமளவு ஏற்ற வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன.

ஆனால் ஒரு சாவி நம் கையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமே அது. எந்தக் குடிமகனும் கேட்கலாம், காரணம் கூறவேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைத் தெரிவிக்கவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதற்குமேல் ஆணைக்குழு உண்டு.

நாம் செய்ய வேண்டியது

நான் வேண்டுவன மூன்று. முதலாவது, ஒவ்வொரு தீவுக்கும் தனிக்கணக்கு. படகு ஓடாத நாட்கள் எத்தனை? கடல் கடந்து அனுப்பப்பட்ட நோயாளர் எத்தனை பேர், எத்தனை மணி நேரத்தில்? ஆசிரியர் இல்லாத பாடங்கள் எவை? பள்ளியை விட்டுப் பட்டினத்துக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர்? இரண்டாவது, படகை வைத்தியசாலையின் உறுப்பாகவும் பள்ளியின் உறுப்பாகவும் கருதி, ஓட்டுநர், எரிபொருள், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் நிதி. படகொன்றைக் கொடுத்து மாலை சூட்டிப் படமெடுத்தால் போதாது; மூன்றாம் ஆண்டிலும் அதன் இயந்திரம் ஓடவேண்டும். மூன்றாவது, சலுகைகளை வகுக்கும்போது மாவட்டத்தை மட்டும் பாராது தீவைத் தனி அலகாகக் கொள்ளல்.

அரசு எண்ணும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் இறங்குதுறையிலும் ஒரு கொப்பி வையுங்கள். ஆசிரியர் ஒருவர், விவசாயி ஒருவர், படகோட்டி ஒருவர், தாய் ஒருவர் என நால்வர் போதும். அன்றன்று நடந்ததைத் தேதியிட்டு எழுதுங்கள். மிகைப்படுத்த வேண்டா, ஒரு பொய் நூறு மெய்யைக் கெடுக்கும். நோயாளரின் பெயரை எழுதவும் வேண்டா. ஓராண்டுக் கொப்பியையும் அரசின் பதிலையும் அருகருகே வைத்தால் எந்த மன்றிலும் நின்று வாதாட என்னால் முடியும். மனுக்களை எழுதும் வேலையைக் கட்டணமின்றி நான் ஏற்கிறேன்.

வெளிநாட்டில் வாழும் உறவினர்க்கும் ஒரு சொல். உங்கள் உழைப்பால் எங்கள் கோயில்களின் கோபுரங்கள் உயர்ந்தன. மகிழ்ச்சியே. ஆனால் அக்கோபுரத்தின் நிழலில் உள்ள பள்ளிக்கூடத்தில் வாங்குகள் வெறுமையாகின்றன. கும்பாபிஷேகத்துக்கு வரும்போது வகுப்பறையையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். லைடன் என்றனர், டெல்வ்ற் என்றனர். அவர்கள் போய்விட்டனர், மக்கள் இருந்தனர். பல ஆட்சிகளைக் கண்டும் போகாத மக்கள், ஒரு படகில்லாமலும் ஓர் ஆசிரியரில்லாமலும் போய்விடக்கூடாது.

நெடுந்தீவு நண்பர்கள் எழுகிறார்கள். நேரமாகிவிட்டது, போய் வாருங்கள். இன்று உங்கள் படகு எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்பதையே கொப்பியின் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.