உணர்தலும் உணர்த்துதலும்



ஆங்கிலத்தில் 'இம்ப்ளை' என்றும் 'இன்பெர்' என்றும் இரு சொற்கள் உள்ளன. படித்த ஆங்கிலரே ஒன்றன் இடத்தில் மற்றொன்றை இட்டு மயங்குவர். நமக்கு அத்தொல்லை இல்லை. காவிரியில் வெள்ளம் வருகிறது. வெள்ளம் மழையை உணர்த்துகிறது; கரையில் நிற்கும் உழவன் மழையை உணர்கிறான். தன்வினை, பிறவினை என்னும் நம் இலக்கணமே குறியையும் கருதுவோனையும் வேறு பிரித்துவிடுகிறது. 'லாசிக்' என்றால்தான் அறிவு என நினைப்பார்க்கு இது விளங்காது; விடுங்கள்.

புகாரிற் பிறந்த மணிமேகலை வஞ்சி நகரில் அளவைவாதியிடம் கேட்ட செய்தியைப் பாருங்கள். நேரே அறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை அறிவது கருதல். அக்கருதல் மூவகை. காட்டில் பிளிறல் கேட்டு யானை உண்டென்பது பொது. வெள்ளங்கண்டு மேலே மழை பெய்ததென்பது எச்சம். கருமுகில் கண்டு மழை பெய்யும் என்பது முதல். விளைவினின்று கரணியத்திற்குச் செல்வது எச்சம். கரணியத்தினின்று விளைவிற்குச் செல்வது முதல். ஆங்கிலத்தின் 'டிடக்சன்', 'இண்டக்சன்' என்னும் பிரிவு வேறு. அது பொதுவிதிக்கும் தனிச்செய்திக்கும் இடைப்பட்டது. இரண்டையும் ஒன்றென்று மொழிபெயர்ப்பார் இரு நூலையும் கெடுக்கின்றனர்.

கருதியதைப் பிறவற்றோடு வைத்து ஆராய்வது தேர்தல். ஐயம் நீங்கி நிற்பது தெளிதல். ஆளைத் தேர்வதற்கு வள்ளுவர் வைத்த அதிகாரத்திற்கே 'தெரிந்து தெளிதல்' என்று பெயர். நீரைத் தேர்வதற்கும் அதுவே முறை.

1934 இல் மேட்டூர் அணை எழுந்தது. அதற்கு முன் ஆற்றில் புதுப்புனல் கண்ட தஞ்சை உழவன், குடகில் மழை என்று எச்சத்தால் சொல்லலாம். அணைக்குப் பின்னரோ, வரும் நீர் மதகு திறந்ததையே முதலில் உணர்த்தும். மழைக்கும் அவனுக்கும் நடுவே ஓர் அணையும் ஓர் ஆணையும் நிற்கின்றன.

2023 சூன் 12 இல் மதகு திறந்தது. 120 அடி அணையில் 100 அடிக்கு மேல் நீர் நின்றது. குறுவை விளையும் என்று கருதினர். ஆனால், திறப்பு நீர் வருவதை உணர்த்துமேயன்றி, அறுவடைவரை நீர் இருக்கும் என்பதை உணர்த்தாது. கருநாடகத்திலிருந்து வரவேண்டிய நீர் குறைந்தது. கடைமடையில் பயிர் கருகிற்று. அக்டோபர் 10 இல் மதகை மூடினர்.

இனியும் சூன் வரும். நீர்வரத்து 'எதிர்பார்க்கப்படுகிறது' என்னும் அறிவிப்பும் வரும். அச்சொல்லில் எழுவாயைக் காணோம். கருதியவர் எவர்? எதைக் கண்டு கருதினார்? நாற்று விடுமுன் கேளுங்கள்.